பக்கவாதத்துக்குப் பிறகு ஒரு பராமரிப்பு உதவித்தொகை மனு: நிகழ்வு ஆய்வு

பின்னணி

மயிலாடுதுறை மாவட்டம் குத்தாலம் வட்டத்தில் ஒரு கிராமம். இந்த ஆய்வில் வருகிறவர் என் அப்பாவின் தங்கை. அத்தை என்றே குறிப்பிடுகிறேன். அவரும் வீட்டாரும் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரையும் ஊர்ப்பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

அத்தைக்கு வயது 58. கணவர் இறந்து பல வருடம் ஆகிறது. விவசாயக் கூலி. நடவு, களை, அறுப்பு எல்லாவற்றுக்கும் போவார். தெருவில் நடவுக்கு ஆள் திரட்டுவதும் அவர்தான். வயல் வேலை இல்லாத நாட்களில் நூறு நாள் வேலை. மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். வீட்டில் மருமகளும் பள்ளிக்கூடம் போகிற இரண்டு பிள்ளைகளும். மாதம் 1200 ரூபாய் விதவை உதவித்தொகை வந்துகொண்டிருந்தது.

2023 அக்டோபரில் ஒரு விடியற்காலை வலது கை கால் விழுந்துவிட்டது. பேச்சும் நின்றுபோனது. மேட்டூர் அணையை அந்த அக்டோபரிலேயே மூடிவிட்டார்கள். குறுவை பல இடங்களில் காய்ந்து, வயல் வேலை குறைந்து, கையில் காசில்லாத நேரம். 108-இல் ஏற்றி அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மூளையின் இடப்பக்கம் ரத்தக்குழாய் அடைத்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. உயிருக்கு ஆபத்தில்லை என்றதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வந்தது. இயன்முறை சிகிச்சை செய்கிறவரும் வந்து கை காலுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டுப் போவார்.

உதவித்தொகை பற்றிய பேச்சு உறவுக்குள் அப்போதே தொடங்கிவிட்டது. தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிக்கு மாத உதவி இரண்டு வழியில் கிடைக்கிறது. ஒன்று வருவாய்த்துறை தரும் ஓய்வூதியம். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் வழியாக வருவது. 2023 ஜனவரியில் அது 1500 ரூபாயாக உயர்ந்தது. இன்னொன்று மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் பராமரிப்பு உதவித்தொகை, நாங்கள் மனுக் கொடுத்த காலத்தில் 2000 ரூபாய். கை கால் பாதிப்பு போன்றவற்றுக்கு இது கிடைக்க 75 சதவீதமாவது பாதிப்பு இருக்க வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு ஆகியவற்றுக்கு 40 சதவீதம் போதும். இவற்றில் ஒன்றைத்தான் வாங்க முடியும். விதவை உதவித்தொகையையும் கூடவே வைத்துக்கொள்ள முடியாது.

எதற்கும் முதல் படி மருத்துவக் குழுவின் சான்றிதழும் தேசிய அளவிலான தனித்துவ அடையாள அட்டையும். “ஆறு மாசம் போகட்டும். எவ்வளவு தேறுதுன்னு பாத்துட்டுத்தான் சதவீதம் போடுவாங்க” என்று மருத்துவமனையிலேயே சொல்லியிருந்தார்கள். ஆறு மாதம் முடிந்தது 2024 ஏப்ரலில். நாடாளுமன்றத் தேர்தலுக்கு ஓட்டுப் போட ஊருக்கு வந்த மகன், ஒரு இ-சேவை மையத்தில் அட்டைக்குப் பதிவு செய்துவிட்டுத் திருப்பூருக்குப் போனார். பதிவில் குறைபாட்டின் வகை என்ற இடத்தில் கை கால் இயக்கக் குறைபாடு மட்டும் குறிக்கப்பட்டிருந்தது. வாதம் என்று சொன்னால் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

அப்புறம் எனக்குப் போன் வந்தது. “அத்தான், லீவு கிடைக்காது எனக்கு. முகாமுக்கு நீங்க கூடப் போங்க.”

வீட்டில் பார்த்தது

மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும் அந்த முகாமுக்குப் போவதற்கு முன் அத்தையின் ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்று கூடவே இருந்து பார்க்க விரும்பினேன். யார் வந்து விசாரித்தாலும் அந்த வீட்டில் சொல்லும் பதில், “இப்ப பரவாயில்ல, நடக்குறாங்க, அவங்க வேலைய அவங்களே பாத்துக்குறாங்க.” அது பொய் இல்லை. படுத்த படுக்கையாகக் கிடந்த அக்டோபரை நினைத்தால் பரவாயில்லைதான். ஆனால் மருத்துவக் குழு அக்டோபரைப் பார்க்கப் போவதில்லை. அதோடு, மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு “இவங்களால இது முடியாது” என்று சொல்ல மருமகளுக்கு வாய் வரவில்லை. அது நல்ல குணம். படிவத்துக்கு மட்டும் அது உதவாது.

நடை: நாலு கால் ஊன்றுகோலைப் பிடித்து வீட்டுக்குள்ளும் திண்ணை வரைக்கும் போவார். வாசல்படி இறங்க ஆள் பிடிக்க வேண்டும். வலது பாதம் தரையை உரசிக்கொண்டே வரும். தெருமுனைக்குப் போனதில்லை.

குளியல்: கொல்லையில் குழாயடியில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்து மருமகள்தான் ஊற்றித் தேய்த்துவிட வேண்டும். புடவை கட்ட முடியாது. வாழ்நாளில் நைட்டி போடாத மனுஷி இப்போது நைட்டியில் இருக்கிறார்; வெளியாள் வந்தால் துண்டைத் தேடுகிறார்.

கழிப்பறை: அரசுத் திட்டத்தில் கட்டிய தனிக் கழிப்பறை இருக்கிறது. குந்தி உட்காரும் பீங்கான். அவரால் குந்த முடியாது. நடுவில் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லையில் ஒரு மறைப்புக்குள் வைத்திருக்கிறார்கள். இரவில் போவதென்றால் மருமகளைக் கூப்பிடச் சொல் வராது. தலைமாட்டில் இருக்கும் சொம்பைத் தட்டுவார்.

சாப்பாட்டில்தான் நான் எதிர்பார்க்காத ஒன்றைப் பார்த்தேன். பிள்ளைகளோடு சேர்ந்து அவர் உட்காருவதில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிடுவார். எல்லோரும் எழுந்து போன பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்து இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுகிறார். இடது கையால் சோறு தொடுவதை நாலு பேர் பார்க்கக் கூடாது அவருக்கு. அதனால் மதியச் சாப்பாடு மூன்று மணி தாண்டிப்போகிறது, மாத்திரை நேரமும் தள்ளுகிறது. “பசிக்கலையாம்” என்று வீட்டில் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்தது பேச்சு. அத்தையிடம் மிச்சம் இருந்தவை “ஆமா”வும் “சரி சரி”யும்தான். இரண்டும் தெளிவான குரலில், சிரித்த முகத்தோடு வரும். சாப்பிட்டாச்சா என்றாலும் ஆமா, சாப்பிடலையா என்றாலும் ஆமா. நேற்று வந்தது மகனா என்றால் ஆமா, பக்கத்து வீட்டுக்காரரா என்றாலும் ஆமா. புதிதாகப் பார்ப்பவர் பேச்சுக்கு ஒன்றுமில்லை என்றே நினைப்பார். சொம்பு, சாவி, சீப்பு மூன்றையும் முன்னால் வைத்து, “சீப்பை எடுங்க அத்தை” என்றேன், எடுத்தார். “சாவியைச் சொம்புல போட்டுட்டு சீப்பை எங்கிட்ட குடுங்க” என்றேன். சாவியைக் கையில் எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சீப்பைக் காட்டி இது என்ன என்றால் உதடு அசைந்தது, சொல் வரவில்லை. கண் கலங்கியதும் நிறுத்திவிட்டேன்.

காது நன்றாகக் கேட்கிறது. ஆட்களை அடையாளம் தெரிகிறது. மூளையின் மொழிப்பகுதியில் அடைப்பு வந்தால் இப்படி ஆகும் என்று பிற்பாடு டாக்டர் விளக்கினார். அஃபேசியா என்று சீட்டில் எழுதினார். ஆனால் அந்த நாளில் எனக்குப் பெரிய கவலை வேறு. மருத்துவக் குழுவின் முன்னால் “நடக்க முடியுதாம்மா? நீங்களே சாப்பிடுறீங்களா?” என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் ஆமா என்றே சொல்லிவிடுவார்.

அதனால் ஒரே ஒரு தாளில் எழுதினோம். மருமகள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். “சிரமப்படுகிறார்”, “மிகவும் கஷ்டம்” போன்ற சொற்களை விட்டுவிட்டு, என்ன வேலை, எங்கே தடை, யார் உதவுகிறார், எத்தனை தடவை என்று மட்டும். “குளியல்: தானாக முடியாது, தினமும் மருமகள். மாத்திரை: அட்டையிலிருந்து பிரிக்க முடியாது, இரண்டு வேளையும் எடுத்துக் கையில் தர வேண்டும். பேச்சு: எந்தக் கேள்விக்கும் ஆமா என்பார், அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது.” முடிகிறவற்றையும் எழுதினோம்: கட்டிலிலிருந்து தானே எழுவார், வீட்டுக்குள் நடப்பார், ஆள் தெரியும். முடிகிறதை மறைத்தால் முடியாததையும் நம்ப மாட்டார்கள். எழுதி முடித்ததை அத்தைக்கு மெதுவாக வாசித்துக் காட்டினேன். சாப்பாட்டு வரிக்கு வந்தபோது என் கையைப் பிடித்து நிறுத்தினார். அந்த வரியில் “சுவர்ப்பக்கம் திரும்பி” என்பதை அடித்துவிட்டு “இடது கையால், ஸ்பூனில், தனியாக” என்று மாற்றினேன். தலையசைத்தார்.

முதல் மதிப்பீடு

ஜூனில் முகாம். கூட்டம் அதிகம். ஒருவருக்குச் சில நிமிடங்களே ஒதுக்க முடிகிற நிலைமை. எலும்பு முறிவு மருத்துவர் கை கால்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், நடக்கச் சொன்னார், டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் அறிக்கையையும் பார்த்தார். நான் கொடுத்த தாளில் இரண்டு மூன்று வரிகளில் கண் ஓட்டினார். பேச்சு பற்றிய வரியைச் சுட்டிக் காட்டினேன். “பதிவுல கை கால் மட்டும்தானே இருக்கு. பேச்சுக்குத் தனியா டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட் வேணும், அப்பதான் சேக்க முடியும்” என்றார். நியாயமான பதில். பேச்சைச் சோதிக்க அன்று அங்கே ஆள் இல்லை.

சான்றிதழில் 60 சதவீதம் வந்தது.

வீட்டில் ஏமாற்றம். 75 இல்லாததால் 2000 ரூபாய் உதவித்தொகைக்கு வழியில்லை. வருவாய்த்துறை ஓய்வூதியத்துக்குத் தேவையான 40-ஐத் தாண்டிவிட்டதால் அதற்கு மனுச் செய்யலாம். ஆனால் 1200-ஐ விட்டுவிட்டு 1500 வாங்குவதில் கூடுவது 300 ரூபாய்தான்.

என்ன செய்வது என்று முடிவெடுத்தது

நாலு யோசனைகள் வந்தன.

ஒரு தரகர், பணம் கொடுத்தால் 80 போட்டு வாங்கித் தருவதாகச் சொன்னார். உறவில் இரண்டு பேர் அதையே செய்யலாம் என்றார்கள். நான் மறுத்தேன். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 91-ஆவது பிரிவில், மோசடி செய்து பலன் பெற்றால் 2 ஆண்டு வரை சிறையோ 1 லட்சம் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம் என்று இருக்கிறது. மாட்டிக்கொண்டால் தரகர் இருக்க மாட்டார். படிவத்தில் கையெழுத்துப் போட்ட அத்தைதான் இருப்பார். அதைவிட முக்கியம், பொய் எதுவும் இங்கே தேவைப்படவில்லை. உண்மையிலேயே இருக்கிற ஒரு பாதிப்பு இன்னும் அளக்கப்படாமல் இருந்தது.

60-ஐ எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம் என்றார் ஒருவர். சட்டத்தின் 59-ஆவது பிரிவு அதற்கு இடம் தருகிறது. ஆனால் கை காலுக்கு 60 என்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. சரியான ஒன்றை எதிர்த்து மேல்முறையீடு போனால் மாதங்கள் வீணாகும்.

300 ரூபாய் கூடினாலும் போதும், 1500-க்கு மாறிவிடலாம் என்றார் மருமகள். களைத்துப்போயிருந்தார், அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

கடைசி வழி, பேச்சையும் முறைப்படி சோதித்து அறிக்கை வாங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு என்று மறுமதிப்பீடு கேட்பது. 2016 சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அவற்றில் பேச்சு மற்றும் மொழித்திறன் குறைபாடு தனி வகை. நரம்புக் காரணத்தால் வரும் அஃபேசியாவைச் சட்டமே அதில் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. இதைத் தேர்ந்தெடுத்தோம். மகனிடம் போனில் கேட்டோம். “செய்ங்க அத்தான்” என்றார். அத்தையிடம் சொல்லும்போது அவருடைய “சரி சரி”யைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள முடியாது. ரயில் படத்தையும் ஆஸ்பத்திரிப் படத்தையும் காட்டி, போகலாம் என்றால் என் கையைத் தொடுங்கள், வேண்டாம் என்றால் தாளைத் தள்ளுங்கள் என்றேன். கையைத் தொட்டார்.

பேச்சுச் சோதனை

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலைப் பாசஞ்சரில் போனோம். ரயிலைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், பஸ்ஸில் ஏறி இறங்குவதைவிடக் கழிப்பறை இல்லாததுதான் அவருக்குப் பயம். ஆகஸ்டில் போனோம். ஜூலை 28-ஆம் தேதி மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்ட சமயம். நடவு தொடங்கினால் மருமகளால் ஒரு நாளும் வர முடியாது, கூலி போய்விடும். ஆகவே அதற்கு முந்திக்கொண்டோம். அத்தையின் நாளை முழுக்கத் தெரிந்தவர் மருமகள்தான். அவர் இல்லாமல் நான் மட்டும் போய்ப் பயனில்லை.

காது மூக்கு தொண்டைப் பிரிவில் பேச்சுப் பயிற்சியாளர் நிதானமாகச் சோதித்தார். படங்களைக் காட்டிப் பெயர் கேட்டார், சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னார், ஒரு படி, இரண்டு படி, மூன்று படி உத்தரவுகள் கொடுத்தார், கிழமைகளை வரிசையாகச் சொல்லச் சொன்னார். இடையில் ஒன்று நடந்தது. ஞாயிறு, திங்கள் என்று அவர் எடுத்துக் கொடுத்ததும் அத்தை “செவ்வா, புதன்” என்று தொடர்ந்தார். மருமகள் வாயைப் பொத்திக்கொண்டார். பழகிய வரிசை, பாட்டு, சாமி பெயர் இவை இப்படி வரும், வேண்டிய சொல்லைத் தேடி எடுப்பதுதான் முடியாது என்று பயிற்சியாளர் விளக்கினார். அறிக்கையோடு ஒரு படத்தாளும் வீட்டுப் பயிற்சிக் குறிப்பும் கொடுத்தார்.

இரண்டாவது மதிப்பீடு

மறுமதிப்பீட்டுக்குப் பதியும்போது ஒரு தடங்கல். மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது 2020 டிசம்பரில். அத்தையின் ஆதாரில் அதற்கு முந்தைய நாகப்பட்டினம் மாவட்டமே இருந்தது. ரேஷன் கார்டிலோ புது மாவட்டம். பெயரிலும் ஒரு எழுத்து வித்தியாசம். முதல் பதிவில் யாரும் கேட்கவில்லை. உதவித்தொகைப் படிவம் வரும்போது கேட்பார்கள் என்பதால், தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்தில் முதலில் அதைத் திருத்தினோம். சில வாரம் போனது.

செப்டம்பரில் மருத்துவக் குழுவில் எலும்பு மருத்துவரும் காது மூக்கு தொண்டை மருத்துவரும் பார்த்தார்கள். கை காலுக்கு அதே 60. பேச்சுக்கும் மொழிக்கும் 50. இரண்டையும் அப்படியே கூட்ட மாட்டார்கள். பெரிய எண்ணை வைத்துக்கொண்டு, அதை 90-இலிருந்து கழித்து வரும் மீதியைச் சிறிய எண்ணால் பெருக்கி 90-ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். இங்கே 90-இல் 60 போக மீதி 30. அதை 50-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 16.7. மொத்தம் 76.7, முழுமையாக்கி 77. இந்தக் கணக்கு முன்பே தெரிந்திருந்தது நல்லதாயிற்று. வீட்டில் சிலர் 110 வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பேச்சுக்கு 45 வந்திருந்தால் சரியாக 75 என்பதையும், அதற்குக் கீழே இறங்கினால் கிடைக்காது என்பதையும் போவதற்கு முன்பே சொல்லியிருந்தேன்.

சான்றிதழில் மறுமதிப்பீடு எப்போது என்றும் குறித்திருந்தார்கள்.

உதவித்தொகைப் படிவம்

மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் படிவம் வாங்கினோம். அடையாள அட்டை, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் நகல்கள், போட்டோ. இவையெல்லாம் இருந்தன. நேரம் எடுத்தது ஒரே ஒரு கட்டம்: வேறு ஏதாவது உதவித்தொகை பெறுகிறாரா?

“அதைச் சும்மா விட்டுடுங்க, யாரு பாக்கப் போறா” என்று சொன்னவர்கள் உண்டு. நான் எழுதினேன்: ஆம், விதவை உதவித்தொகை, மாதம் 1200, இந்த உதவித்தொகை அனுமதிக்கப்பட்டதும் அதை விட்டுக்கொடுக்கச் சம்மதம். இரண்டும் ஒரே ஆதார் எண்ணில் ஓடுகின்றன. ஒளித்து வாங்கிப் பிறகு தெரியவந்தால், வாங்கியதைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். அந்த வீட்டில் அதற்கு வழி கிடையாது.

அடுத்த கேள்வி, 1200-ஐ எப்போது நிறுத்துவது? இப்போதே ரத்து செய்துவிட்டு வந்தால் மனு சீக்கிரம் நகரும் என்று ஒரு பேச்சு இருந்தது. ஆனால் பராமரிப்பு உதவித்தொகைக்குக் காத்திருப்போர் பட்டியல் உண்டு. ஒதுக்கீடு வரும்போதுதான் புதியவர்களுக்குக் கிடைக்கும். நடுவில் எத்தனை மாதம் ஒரு பைசாவும் இல்லாமல் இருப்பது? ஆகவே, அனுமதி வரும் கட்டத்தில் ரத்து ஆணை தருகிறோம் என்று எழுதிக் கொடுக்கலாமா என அலுவலகத்தில் கேட்டோம். ஒப்புக்கொண்டார்கள். கேட்காமல் நாமாகவே பயந்து முதலில் ரத்து செய்திருந்தால் அந்த மாதங்கள் முழுக்கப் போயிருக்கும்.

மனுவுக்கு ரசீது எண் வாங்கினோம். விஏஓ வீட்டுக்கு வந்து விசாரித்தபோது மருமகள் பழைய பழக்கத்தில் “பரவாயில்ல சார்” என்று தொடங்கினார். உடனே நிறுத்திக்கொண்டு அந்த ஒரு தாளை எடுத்துக் கொடுத்தார். இந்த மொத்த முயற்சியில் எனக்கு மிகவும் திருப்தி தந்தது அது.

கையெழுத்தும் ரேகையும்

அத்தை பள்ளிக்கூடம் போனதில்லை. 1990-களில் அறிவொளி இயக்க வகுப்பில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டவர். அதன் பிறகு எந்தக் காகிதத்திலும் ரேகை வைத்ததில்லை. பாஸ்புக்கிலும் அவர் கையெழுத்துதான். இப்போது மை டப்பாவை நீட்டியதும் தள்ளிவிட்டார். இன்னொரு தடவை நீட்டியபோதும் அதேதான்.

உதவித்தொகைப் படிவத்துக்கு இடது கைக் கையெழுத்தை ஏற்றுக்கொள்வீர்களா என்று கேட்டோம். சாட்சியோடு இருந்தால் சரி என்றார்கள். இடது கையில் பேனாவைப் பிடித்து, வெகு நேரம் எடுத்து, தன் பெயரில் பாதியாவது படிக்கிற மாதிரி எழுதினார். வங்கியில் அது நடக்கவில்லை. பழைய கையெழுத்தோடு பொருந்தாததால் ரேகைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும் என்றார்கள். அவர்கள் விதி அது. காரணத்தை மெதுவாக விளக்கியபோது அங்கே மட்டும் ரேகை வைத்தார்.

பணம் எடுக்கும் கைக்கருவியிலும் சிக்கல். வலது கை இறுகி மூடியே இருப்பதால் அந்த விரல்கள் பதியாது. இடது கையிலும் நாற்று நட்டு நட்டு ரேகை தேய்ந்திருக்கிறது. ஒவ்வொரு விரலாகப் பார்த்ததில் இடது மோதிர விரல் பதிந்தது. அதை நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு நடந்தது

அனுமதி 2025 கோடைக்கு முன் வந்தது. விதவை உதவித்தொகையை நிறுத்தச் சொல்லித் தனி வட்டாட்சியருக்கு மனுக் கொடுத்து ஆணை நகலைச் சமர்ப்பித்தோம். இடையில் ஒரு மாதம் இரண்டும் வரவில்லை. அதற்காக மகன் முன்கூட்டியே கொஞ்சம் பணம் அனுப்பி வைத்திருந்தார்.

கூடுதலாகக் கிடைப்பது மாதம் 800 ரூபாய். குறைவுதான். நடவுக் காலத்தில் மருமகள் வீட்டிலேயே இருப்பதால் போகிற கூலிக்கு இது ஈடாகாது. அவர் இழப்பதை எந்தப் படிவமும் கேட்கவில்லை. சட்டத்தின் 38-ஆவது பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுபவர்கள் அதற்காக விண்ணப்பிக்கலாம் என்கிறது. அந்த மனுவைக் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை. கழிப்பறையில் மேற்கத்திய பீங்கான் பொருத்தும் வேலையும் பாக்கி.

பணத்தைவிடப் பெரிய மாற்றம் வீட்டுக்குள் நடந்தது. பேச்சு அறிக்கை வரும்வரை அத்தைக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று தெருவில் நினைத்தார்கள். உறவிலும் சிலர் அப்படியே பேசினார்கள். புத்தி சரியாக இருக்கிறது, சொல்தான் வரவில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததைப் பார்த்த பிறகு பேரப்பிள்ளைகள் அவரிடம் பேசும் விதமே மாறியது. ஒரே கேள்வியாக, மெதுவாக, பொருளைக் காட்டிக் கேட்கிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பெரியவள் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஸ்பூனில் சாப்பிடுகிறாள். மாத்திரை நேரம் சரியாகிவிட்டது.

மறுபடி செய்வதானால்

முதல் பதிவின்போதே பாதிப்பு எத்தனை வகை என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். பக்கவாதத்தில் கை கால் கண்ணுக்குத் தெரியும். பேச்சு, விழுங்குவது, பார்வையில் ஒரு பக்கம் மறைவது, மறதி இவை தெரியாது. டிஸ்சார்ஜ் சீட்டில் பேச்சு பற்றி ஒரு வரி இருந்தால் பின்னால் எளிது. அத்தையின் சீட்டில் அது இருந்தது, ஆங்கிலத்தில், சுருக்கெழுத்தில். யாராவது படித்துச் சொல்லியிருந்தால் ஏப்ரல் பதிவிலேயே சேர்ந்திருக்கும். ஆதார் திருத்தத்தையும் அந்த ஆறு மாதக் காத்திருப்பிலேயே முடித்திருக்கலாம்.

இயன்முறை சிகிச்சை செய்கிறவர் வரும்போதெல்லாம் ஒரு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கி வைக்க வேண்டும். எங்களிடம் அது பாதிதான் இருந்தது. இருந்த பாதியே மறுமதிப்பீட்டில் பயன்பட்டது.

ஆறு மாதம் என்பது சான்றிதழுக்கான காத்திருப்பு. பேச்சுப் பயிற்சிக்குக் காத்திருக்கத் தேவையே இல்லை; முதல் மாதமே தொடங்கியிருக்க வேண்டும் என்று தஞ்சாவூரில் சொன்னார்கள். சான்றிதழுக்காகப் போன இடத்தில்தான் அப்படி ஒரு பயிற்சி இருப்பதே எங்களுக்குத் தெரிந்தது. பக்கவாதம் வந்தவர் வீட்டில் இருக்கிறாரா, பேச்சு தடுமாறுகிறதா, உதவித்தொகையைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே காது மூக்கு தொண்டைப் பிரிவில் விசாரியுங்கள்.

இதில் ஒரு சங்கடமும் உண்டு. மறுமதிப்பீட்டுத் தேதி சான்றிதழில் இருப்பதால், பேச்சு தேறினால் சதவீதம் குறையும், பணம் நின்றுவிடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்தினார். பயிற்சியை நிறுத்திவிடலாமா என்று மருமகளே என்னிடம் கேட்டார். “அண்ணே, அவங்க பேசணும்னுதான் எனக்கு. ஆனா பயமா இருக்கு.” கணக்கை எடுத்து வைத்துப் பேசினோம். பேச்சு தேறி 75-க்குக் கீழே போனாலும், கை காலுக்கு உள்ள 60 இருக்கும்வரை வருவாய்த்துறை ஓய்வூதியம் கேட்கலாம். அன்றைய கணக்கில் இழப்பு மாதம் 500 ரூபாய். இதைக் கேட்டதும் முடிவெடுக்க அவருக்கு நேரம் ஆகவில்லை. படத்தாளை எடுத்துக்கொண்டு தினமும் சாயங்காலம் உட்காருகிறார்கள். தண்ணி, சோறு, வலி, பேரப்பிள்ளைகள் இருவரின் பெயர் என்று சில சொற்கள் வருகின்றன. “வேணாம்” என்பதும் வந்துவிட்டது. மறுமதிப்பீட்டுக்குப் போகும்போது பழைய தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு அன்றைய நிலையைப் புதிதாக எழுதிக் கொண்டுபோவோம்.